கம்ப்யூட்டர் தாளம்

"கிதாரு, டிரம்ஸு எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு பாப் பாட்டு போட்டுகிறானுங்க! கம்ப்யூட்டர் தாளமாம். இன்னிக்கே ரசிகர் மன்றத்தக் கலைக்கிறேன்!"

பழவேற்காடு ஏரியில் வலை விரித்தாயிற்று. வழக்கமான வேலையைக் கைகள் பார்த்துக்கொள்ள, 'உப்புக்காத்து' இசைக்குழுவைத் திட்டிக்கொண்டிருந்தான் மன்றத் தலைவன் தமிழ்வாணன்.

"அந்த டம் டம்மை நிறுத்து, செவ்வந்தி!"

"பாட்டை நிறுத்தி எவ்ளோ நேரமாச்சு." அணைந்த போனைக் காட்டினாள் மனைவி.

தாளம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

குனிந்து பார்த்தான். மீனை வலைக்குள் விரட்ட, அவன் கையிலிருந்த கோல் படகின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தது.

"போன மாசம் அந்த உப்புக்காத்துப் பசங்க நம்ம படகுல ஏறி ரெக்கார்டு பண்ணாங்களே, இன்னாத்துக்குன்னு நெனச்சய்யா?"

கோல் நின்றது. ஏரியே அடங்கிப்போனது.

"இன்னொரு தபா போடு, செவ்வந்தி" என்றவன், கோலை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டான்.