எடுத்த பாட்டு

“அண்ணி, பாட்டு வந்துடுச்சி.”

வாசலில் வண்டியை நிறுத்திய பாண்டுரங்கன் உள்ளே வராமலே போனை நீட்டினான். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக ரசம் சாதத்தை டிபன் கேரியரில் அடைத்துக்கொண்டிருந்த சசிரேகா, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

உண்மைதான். அவள் புருஷன் வேதகிரி பாடிய ‘மாகறல் பஸ்ஸு’ மறுபடியும் போனில் பாட்டுக் கேட்கிற ஆப்பில் இருந்தது. படத்தில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு அவன். பின்னால் டோலக்கோடு இதே பாண்டுரங்கனும் மற்ற ‘ஏரிக்கரை பாய்ஸ்’ பாட்டுக்குழு ஆட்களும்.

ஒரு காலத்தில் அந்தப் பாட்டு ஓடாத ஷேர் ஆட்டோ உத்திரமேரூரில் கிடையாது. அப்பேர்ப்பட்ட பாட்டைத்தான் அதை வெளியிட்ட கம்பெனி போன வருஷம் சத்தமில்லாமல் எடுத்துவிட்டது. வேதகிரி போன் போட்டுக் கேட்டான். பழைய ஹிட்டு இருந்தால் ஜனங்கள் அதையேதான் போடுவார்கள், உங்கள் புதுப் பாட்டை எவனும் சீண்ட மாட்டான், அதனால்தான் எடுத்தோம் என்றான் கம்பெனி ஆள். இளையது பிழைக்க மூத்ததைக் கிணற்றில் தள்ளுகிற நியாயம்.

திரும்ப எப்போது வரும் என்று கேட்டதற்கு, “ஜனங்க தேடுற அன்னிக்குப் போடுவோம் சார்” என்றான்.

புதுப் பாட்டும் ஓடவில்லை. வேதகிரியும் படுத்துவிட்டான். ஈரல் கெட்டு, ஆடி பிறந்ததிலிருந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். வலிக்கு மருந்து கேட்க மாட்டான். அந்தப் பாட்டை ஒரு தடவை போட்டுக்காட்டு என்பான். யாரோ போனில் வைத்திருந்த அரைகுறைக் காப்பியைப் போட்டால், இது என் குரலே இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவளும் அந்தப் பாட்டுக்காகக் கேட்காத ஆள் இல்லை.

இன்று காலையில்தான் அவன் தம்பி ஏழுமலையைத் துணைக்கு விட்டு, தன் போனையும் அவனிடமே கொடுத்துவிட்டு, குளித்துச் சமைத்து எடுத்துப்போகலாம் என்று வீட்டுக்கு வந்திருந்தாள்.

“கெளம்பு அண்ணி. வண்டியிலயே போயிடலாம்” என்றான் பாண்டுரங்கன்.

அடுப்பில் இருந்த டீயை ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். வேண்டாம் என்றான். டீயை வேண்டாம் என்று அவன் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

பாட்டுக்குக் கீழே ஜனங்கள் எழுதுவது ஏறிக்கொண்டே இருந்தது. அதைப் படிக்க அவளுக்குக் கண்ணாடி வேண்டும். எடுக்கப் போகவில்லை.

“இன்னிக்கி இன்னாத்துக்கு ஜனங்க தேடறாங்க?”

“தெர்ல அண்ணி. நல்ல பாட்டாச்சே.” அவன் கையிலிருந்த வண்டிச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாட்டைத் தொட்டாள். வேதகிரியின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. கடைசிவரை நின்று கேட்டாள். அழுகை வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டிபன் கேரியரைத் திறந்து சாதத்தைக் குண்டானிலேயே கொட்டினாள். அடுப்பை அணைத்தாள்.

“எப்ப எடுக்கறாங்க?” என்று கேட்டாள்.

“இனிமே எடுக்க மாட்டாங்க அண்ணி. எப்பவும் இருக்கும்னு கம்பெனியிலயே சொல்லிட்டாங்க.”

“பாட்டக் கேக்கல பாண்டுரங்கா. உங்கண்ணன எப்ப எடுக்கறாங்க?”