முதல் பிரேக்

"உன் கணக்கு தப்பும்மா. நானும் தினம் அதே ரோட்ல, அதே நேரத்துலதான் வர்றேன். ஒரு நாள்கூட ஜாமே பார்த்ததில்ல."

பேராசிரியர் ரொனால்ட் ஆய்வேட்டை மூடித் தள்ளினார். எதிரே நின்ற பிரிஸில்லா அதை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினாள். சமர்ப்பிக்க இன்றே கடைசி நாள். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் ஒரு வருடம் போச்சு.

சாந்தோம் சாலையில் தினம் காலையில் ஒரு நெரிசல். பள்ளம் இல்லை, சிக்னல் இல்லை, கல்யாண ஊர்வலமும் இல்லை. அந்த நெரிசல் அலை அலையாக நகர்வதைச் சமன்பாடுகளாக எழுதித் தீர்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. அந்த மாதிரிச் சமன்பாடுகளுக்கு ஹைபர்பாலிக் வகை என்று பெயர். வீட்டில் கேட்டால், "டிராஃபிக் ஜாம்ல பிஎச்.டி." என்பாள். அம்மா அதை வெளியில் யாரிடமும் சொல்வதில்லை.

"சரி, ஜாமுக்குக் காரணம்?" என்றார் ரொனால்ட்.

ஒருத்தர் லேசாக பிரேக் போட்டாலே போதும் என்றாள். பின்னால் வருபவர் பயந்து இன்னும் அழுத்துவார். அவருக்கும் பின்னால் வருபவர் வண்டியையே நிறுத்திவிடுவார். நெரிசல் அப்படியே கலங்கரை விளக்கம் வரை போய்விடும். தீர்வைப் பின்னோக்கி ஓட்டி, அந்த முதல் பிரேக் விழுந்த இடத்தை நேற்றுத்தான் பிடித்திருந்தாள். தோழி சான்ட்ரா வீட்டு மொட்டை மாடியிலிருந்து எடுத்த வீடியோக்களும் ஒத்துப்போயின.

"ரோட்டோரம் மாதா சிலை வெச்ச குகை இருக்கே, அந்தக் கெபிக்கு எதிர்ல சார். ஒரு கார் ஸ்லோ ஆகுது. ஓட்டறவர் சிலுவை போட்டுக்கறார். உடனே கிளம்பிடறார். எல்லா வீடியோலயும் அதே கார்தான்."

ரொனால்டுக்கு வந்ததே கோபம். பக்தி இருக்க வேண்டியதுதான், அதற்காக நடுரோட்டிலா என்றார். ஒரு ஆளால் ஊரே ஆபீசுக்கு லேட்டா என்றார்.

"வண்டி நம்பரோட தீசிஸ்ல போடு. நாலு பேருக்குத் தெரியட்டும்."

"நம்பர் வேண்டாம் சார்."

"ஏன் பயப்படற? நம்பர் இல்லன்னா என் கையெழுத்தும் இல்ல."

பிரிஸில்லா தயங்கித் தயங்கி மடிக்கணினியைத் திறந்தாள்.

"இந்த அலை பின்பக்கமாத்தான் சார் போகும். முன்னாடி போயிட்டவருக்கு, பின்னாடி ஜாம் ஆனது தெரியவே தெரியாது" என்று அவர் பக்கம் திருப்பினாள்.

கெபி முன்னால் வேகம் குறைந்த தன்னுடைய காரையே திரையில் பார்த்த ரொனால்ட், நம்பர் இல்லாத ஆய்வேட்டிலேயே கையெழுத்துப் போட்டார்.