முன்னறைக் கணினி

“உஷாராணி, முன்னறைக் கம்ப்யூட்டர யாரு ராத்திரியெல்லாம் ஓட விட்டது?”

அம்புரோஸ் கேட்டார். பிரிக்ஃபீல்ட்ஸில், வீட்டில் அடிபடும் பெண்களுக்கு உதவும் நிலையத்தின் தலைவர் அவர். மாலை ஆறு மணிக்கு எல்லாச் சுவிட்சையும் தன் கையால் அணைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து, மூன்று மாதம் கழித்து அன்றுதான் வந்திருந்தார்.

“நான்தான் அங்கிள்” என்றாள் உஷாராணி தயங்காமல். நிலையத்தில் அவளுக்கு இது நாலாவது வருஷம்.

“இடி விழுந்தா என்னாகும்? இந்த ஊரு மழையப் பத்தித் தெரியாதா?”

“இடி மின்னலத் தாங்குற சர்ஜ் புரொடெக்டர் மாட்டியாச்சு.”

“மெஷின் சூடாகும் லா.”

“வாரம் ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்றேன். ஒண்ணும் ஆகல.”

“ஆறு மணிக்கு ஆபீஸ் மூடியாச்சு. அப்புறம் எதுக்கு ஓடணும்?”

“அது ஓடினாத்தான் உதவி கேட்டு வர்ற மெசேஜ் நம்ம போனுக்கு வரும். அணைச்சா, மறுநாள் காலையிலதான் நமக்குத் தெரியும்.”

“சரி, இந்த மூணு மாசத்துல ராத்திரி எத்தனை மெசேஜ் வந்துச்சு?”

“ஒண்ணுகூட வரல.”

அம்புரோஸ் சிரித்தார். வாதத்தில் ஜெயித்துவிட்ட சிரிப்பு. எழுந்து போய்ச் சுவிட்சின் மேல் விரலை வைத்தார்.

“ரவாங் கேஸ் ஞாபகம் இருக்கா அங்கிள்?” என்றாள் உஷாராணி.

“மறப்பேனா? அஞ்சு வருஷம் ஆச்சு. புருஷன் ரூம்ல போட்டுப் பூட்டி வச்சிருந்தான். அப்போ ராத்திரி போன் வச்சிருந்த நம்ம மகதலேனா போலீஸோட போயி விடியறதுக்குள்ள அந்தப் பொண்ண மீட்டுக்கிட்டு வந்தா. பேரு, முகம் எதுவும் எனக்குத் தெரியாது. பேரு வேணாம், கேஸ் நம்பர் போதும்னு ரூல் போட்டதே நான்தானே?”

“அவங்க போன் பண்ணல. சத்தம் கேட்டா அவன் எழுந்துருவான்னு மெசேஜ்தான் அனுப்பினாங்க. விடியக்காலை மூணு மணி. மகதலேனா ஆன்டிக்கு அது எப்படி உடனே வந்துச்சு?”

அம்புரோஸ் யோசித்தார். அவர் முகம் மெல்ல மாறியது.

“மறுநாள் என் பேத்திக்கு ஞானஸ்நானம். அந்த அவசரத்துல அணைக்காமப் போயிட்டேன். அப்புறம் வந்து பார்த்து என்னையே திட்டிக்கிட்டேன்... அதனாலயா வந்துச்சு?”

“அதனாலதான்.”

“மகதலேனா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நீ அப்போ இங்க வேலைக்கே வரலையே, உனக்கு எப்படித் தெரியும்?”

“வரல அங்கிள். அப்போ நான் ரவாங்ல, அந்தப் பூட்டின ரூமுக்குள்ள, யாராவது பதில் போடுவாங்களான்னு போனையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.”