திங்கட்கிழமைத் தலைவலி

நாட்காட்டியில் ஒன்பதாவது சிவப்புப் புள்ளியை வைத்துவிட்டு, நெற்றியில் ஈரத்துண்டோடு கட்டிலில் சாய்ந்தான் புது மாப்பிள்ளை. ஒன்பது புள்ளிகளும் திங்கட்கிழமைகள். ஒவ்வொன்றுக்கும் முந்தின நாள் மாமியார் வந்து போயிருந்தார்.

“சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லல, கணக்கு வெச்சிருக்கேன்” என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான். “ஞாயித்துக்கிழமை உங்கம்மா வர்றாங்க. திங்கட்கிழமை எனக்கு மண்டையிடி. ஒரு வாரம்கூடத் தப்பல.”

மனைவி நாட்காட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அப்போ வராதீங்கன்னு நீங்களே சொல்லிடுங்க. அவங்க இந்தப் படியேறுறது என்னிக்கு நிக்குதோ, அன்னிக்கு நான் பெட்டியோட படியிறங்கிடுவேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொன்னால் செய்கிறவள். அவனுக்கு வலி இன்னும் கொஞ்சம் கூடியது.

மறுநாள் அவன் வேலை பார்க்கும் டைனமைட் தொழிற்சாலையில், பக்கத்தில் உட்கார்ந்து வெடிக்குச்சிக்குத் தாள் சுற்றும் ‘சாமியார்’ இதைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாற்பத்தைந்து வயதிலும் கல்யாணமே வேண்டாமென்று இருப்பவர். அதனால் அந்தப் பட்டப்பெயர்.

“யோவ், மாமியாரே இல்லாத எனக்கும் திங்கட்கிழமை தலைவலி வருதே. அது யாரால?”

“உங்களுக்குமா?”

“இந்தக் கொட்டகையில எல்லாருக்கும்தான். நீ வந்து ரெண்டு மாசம்தானே ஆகுது! எல்லாம் இந்த வெடியெண்ணெய் பண்ற கூத்து. புதுசா வாடை பட்டவனுக்கு மண்டையைப் பொளந்துடும். ரெண்டு நாள்ல உடம்பு பழகிக்கும். ஞாயித்துக்கிழமை லீவுல அந்தப் பழக்கம் விட்டுப்போயிடும். திங்கட்கிழமை மறுபடி மொதல்லேர்ந்து.”

தொட்டாலே சீறிய எண்ணெயை ஒருவகை மண்ணில் ஊறவைத்து, சாதுவான குச்சியாக்கிய நாளிலிருந்தே இந்த வியாதி உண்டென்றார் சாமியார். “எண்ணெயை அடக்கினாங்க, தலைவலியை அடக்க முடியல. அந்தக் காலத்துத் தொழிலாளிங்கதான் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. துளி வெடியெண்ணெயைத் தொப்பிப் பட்டையில தேய்ச்சு, லீவு நாள்லயும் மாட்டிக்கிட்டுத் திரிஞ்சாங்க. பழக்கமும் விடல, வலியும் வரல.”

வேலைத் தொப்பியை வாசலைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்பது தொழிற்சாலை விதி. சனிக்கிழமை மாலை அது, பட்டையில் தேய்த்த துளி எண்ணெயோடு, மாப்பிள்ளையின் சட்டைக்குள் மடங்கி வீடு வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை. சன்னலெல்லாம் சாத்தியிருந்தது. மாமியார் குடையை மடக்குமுன்பே அவன் எழுந்து நின்றான்.

“வாங்க அத்தை, இப்படி உக்காருங்க.”

ஒன்பது வாரமாக மனசுக்குள் திட்டியதற்கு ஈடுகட்ட வேண்டாமா? அவர் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப்போட்டு, குனிந்து குனிந்து நலம் விசாரித்தான். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தாள்.

“வீட்டுக்குள்ள எதுக்கு மாப்பிள்ளை தொப்பி?”

“தலைக்கு நல்லது அத்தை.”

எப்போதும் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்புகிறவர், அன்றைக்கு மூன்று மணி பஸ்ஸுக்கே எழுந்துவிட்டார். கண்கூடக் கலங்கியிருந்தது. தன் மரியாதையில் மனுஷி நெகிழ்ந்துபோய்விட்டாள் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமை தலை பஞ்சுபோல லேசாக இருந்தது. சாமியாரின் கையைப் பிடித்துக் குலுக்கினான். மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டுக் கொடுக்க, வரும் வழியில் ஒரு சால்வை வாங்கினான். இனி அந்த அம்மா வாரத்துக்கு இரண்டு நாள் வந்தாலும் சம்மதம்.

வீட்டில் கட்டிலின் மேல் பெட்டி திறந்து கிடந்தது. மனைவி புடவைகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அம்மா போன் பண்ணாங்க. இனிமே இந்தப் பக்கமே வர மாட்டாங்களாம்.”

“ஐயோ, நான் ஒண்ணுமே சொல்லலியே! நாள் பூரா பக்கத்துலயே உக்காந்து பேசிட்டிருந்தேனே!”

மனைவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அதனாலதானாம். உங்க பக்கத்துல உக்காந்தா அவங்களுக்கு மண்டை பொளக்குதாம்.”