பின்சீட்டு ஜெபமாலை

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளே. எங்கள் காஞ்சிரப்பள்ளி ரெஜி கார்ச் சக்கரம் மாற்றிய கதை இது. சின்னதுதான், கட்டன்சாயா ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

ரெஜியின் அம்மா ஏலிக்குட்டிக்கு முதுகெலும்பில் கட்டி. கோட்டயம் ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும் என்றார்கள். பத்து நாள் ரெஜியின் காரில் போய் வந்தாள். பதினோராம் நாள் காலையில், இனி வரமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பாதியில் விட்டால் வைத்ததும் வீண் என்று டாக்டர் போனில் சொன்னார்.

ரெஜிக்குப் புரியவில்லை. போக வர ஜெபமாலை சொல்லிக்கொண்டே வருகிறவள் அம்மா. வழியோரத்தில் மூன்று குருசடி, சிலுவை வைத்த சின்னக் கோயில்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் "அருள் நிறைந்த மரியே" என்று அவள் குரல் ஓங்கும். அம்மாவின் பக்தி அப்படி என்று பங்குச் சாமியாரிடம்கூட அவன் பெருமை பேசியிருந்தான். அவளா நம்பிக்கை இழப்பாள்?

பதில் அவன் மனைவி பின்சியிடம் இருந்தது. தினமும் மாமியாரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்காருகிறவள் அவள்தான்.

"உங்க வண்டியில முன்சீட்டு மட்டும்தான் கார், இச்சாயா. பின்சீட்டு மாட்டுவண்டி."

ரெஜி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு டயர் கடைக்குப் போனான். போன வருஷம் பதினேழு இஞ்ச் அலாய் சக்கரம் மாட்டியதும் அங்கேதான். ஊரே நின்று பார்த்த சக்கரம். அப்போதே வேண்டாம் என்று தலையை ஆட்டினவர் கடைக்காரர் வர்க்கிச்சன்.

வர்க்கிச்சன் சாவியை வாங்கிக்கொண்டு, அவனைப் பின்னால் ஏறச் சொன்னார்.

சொந்தக் காரின் பின்சீட்டில் ரெஜி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு கிலோமீட்டர். இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

சக்கரத்தின் மொத்த உயரம் ஒன்றுதான், ரிம் பெருத்தால் ரப்பரும் காற்றும் மெலிந்துபோகும் என்றார் வர்க்கிச்சன்.

"காத்துதான்டா மெத்தை. நீ மெத்தையச் சுருட்டி வச்சிட்டு, அம்மாவ வெறும் கட்டில்ல படுக்க வச்சிருக்கே."

கார் வாங்கும்போது வந்த பதினாலு இஞ்ச் ரிம்கள் ரப்பர் ஷீட் காயும் கொட்டகையில் கிடந்தன. ரெஜி எடுத்து வந்தான். வர்க்கிச்சன் அவற்றில் பக்கவாட்டுச் சுவர் உயரமான, மிருதுவான டயராகப் பார்த்து நாலு மாட்டினார். கதவோரம் எழுதியிருக்கிற அளவுக்கு மேல் காற்று ஏற்றாதே என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

கல்யாணக் கோட்டுக்கு ரப்பர் செருப்பு போட்ட மாதிரி இருக்கிறது என்று சந்தியில் நின்றவர்கள் சிரித்தார்கள். ரெஜி கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

மறுநாள், இன்று ஒரு நாள் மட்டும் என்று கெஞ்சி, பின்சி மாமியாரைக் காரில் ஏற்றினாள்.

முதல் குருசடி வந்தது. பின்னாலிருந்து சத்தம் இல்லை.

இரண்டாவது வந்தது. அப்போதும் இல்லை.

ரெஜி கண்ணாடியில் பார்த்தான். அம்மாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. விரல் ஜெபமாலையின் முதல் மணியிலேயே நின்றுபோயிருந்தது.

பின்சி உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். தூக்கம்.

மூன்றாவது குருசடி. அதன் முன்னால் வேகத்தடை. மூன்று குருசடிக்கு முன்னாலும் வேகத்தடை இருப்பது அவனுக்குத் தெரியாததல்ல. தினமும் ஏறி இறங்குவதுதான். இதையும் அம்மாவின் குரலையும் அவன் சேர்த்து நினைத்ததே இல்லை.

வண்டி மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது.

ஆஸ்பத்திரி வாசலில் ஏலிக்குட்டி கண் விழித்தாள்.

"ரோட்டை நல்லாப் போட்டுட்டாங்க போல, மோனே. நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்பணும்?"

"ஏழு மணிக்கு, அம்மச்சி."



உங்கள் வீட்டில் பின்சீட்டில் உட்காருகிறவர்கள் எல்லாரும் அலுங்காமல் போய், சுகமாகத் திரும்பி வரட்டும்.