முதலில் எழுந்தவர்

நெலிதா தலைகளை எண்ணியபோது ஆளாளுக்கு இரண்டு வாய் ரவியோலி, அந்த இத்தாலியக் கொழுக்கட்டை, உள்ளே போயிருந்தது.

பதின்மூன்று.

தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி எண்ணினாள். அதே பதின்மூன்று.

"இல்தா, உன் புருஷன் எங்கடி?" பக்கத்திலிருந்த மகளின் காதைக் கடித்தாள்.

"குழந்தைக்குக் காய்ச்சல்னு வீட்லயே இருந்துட்டார்மா. சொன்னேனே, நீதான் காதுல வாங்கல."

நெலிதா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். பதின்மூன்று பேர் ஒரே மேஜையில் கை நனைத்தால், முதலில் எழுந்திருப்பவர் அந்த வருஷத்தைத் தாண்ட மாட்டார். இத்தாலியிலிருந்து புவெனஸ் அயர்சுக்குக் கப்பலேறி வந்தபோது அவள் மாமியார் துணிமணியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்த பயம் அது. அந்தக் குடும்பத்தில் ஒருத்தரும் அதைச் சிரித்துத் தள்ளியதில்லை.

மேஜைத் தலைமாட்டில் அவள் புருஷன் அட்டீலியோ. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். நாளைக் காலையில் நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள். "அதுக்கு முன்னாடி நம்ம கான்டினாவுல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடணும்" என்று ஆசைப்பட்டதே அவர்தான். கல்யாணமோ ஞானஸ்நானமோ, அவருக்கு இந்த இத்தாலிக்காரன் கடைதான். உத்தரத்தில் தொங்கும் பன்றித் தொடைக்குக் கீழேதான் சோறு இறங்கும்.

"என்ன அண்ணி, எண்ணிக்கிட்டே இருக்கீங்க? பில்லைப் பங்கு போடறீங்களா?"

எதிரே இருந்த ரெமோ கேட்டார். அட்டீலியோவின் தம்பி. அம்மா வீட்டை விற்றதில் மூண்ட சண்டை. பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஆபரேஷன் என்றதும்தான் வந்திருந்தார்.

"ஒண்ணுமில்ல தம்பி, சாப்பிடுங்க."

ரெமோவும் மேஜையை ஒரு சுற்று பார்த்தார். பிறகு பரிமாறும் பஸ்குவாலைக் கிட்டே கூப்பிட்டுக் காதில் என்னவோ முணுமுணுத்தார். இங்கேயும் ஏதாவது குறை சொல்லியிருப்பார்.

அட்டீலியோ சோடாவை மடமடவென்று குடித்தார். அரை மணிக்கொரு தரம் பாத்ரூம் ஓடுகிற மனுஷன். நெலிதா டம்ளரைப் பிடுங்கினாள்.

"ஏன்டி, டாக்டர் ஒயினைத்தானே வேணாம்னார்?"

"போதும். வயிறு ஊதிக்கும்."

"நாளைக்கு நெஞ்சைத்தான் கிழிக்கப் போறாங்க, வயித்தையில்ல!"

மேஜையே சிரித்தது. நெலிதா துணிக்கு அடியில் இடது மார்பைத் தொட்டுக்கொண்டாள். கெட்டது அண்டாமலிருக்க அவர்கள் ஊரில் பெண்கள் செய்வது.

இன்னொரு ஆளைக் கூப்பிட்டு உட்கார வைக்கலாமா? எல்லாரும் வாயில் வைத்தாயிற்று, இனிமேல் பலிக்காது. வாய்விட்டுச் சொல்லலாமா? அந்தப் பயத்திலேயே அட்டீலியோவின் நெஞ்சு நின்றுவிடும்.

நானே எழுந்துவிடுகிறேன் என்று முடிவு பண்ணினாள். பண்ணினாளே தவிர, கால் கேட்கவில்லை. காய்ச்சலில் கிடக்கும் பேரப்பிள்ளையின் முகம் முன்னால் வந்து நின்றது. இதோ இப்போது, இந்த வாய் முடியட்டும், அடுத்த வாய் முடியட்டும்...

அட்டீலியோ இரண்டு கையையும் மேஜையில் ஊன்றினார்.

"இருங்க, ஒரு நடை போயிட்டு வந்துடறேன்."

"உக்காருங்க!" நெலிதாவின் குரல் கீச்சென்று வந்தது.

"அட, அவசரம்டி!"

அவர் நாற்காலி பின்னால் நகர்ந்தது. அதே நேரம் எதிர்ப்பக்கம் ஒரு நாற்காலி தடாலென்று சாய்ந்தது.

ரெமோ எழுந்து நின்றிருந்தார்.

"இதைப் பாருங்கய்யா! அவன் தட்டுல பத்து ரவியோலி, என் தட்டுல ஆறு! அம்மா வீட்டைப் பங்கு பிரிச்ச அதே கணக்கு!"

பக்கத்து மேஜைக்காரர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெமோ, உக்காருடா. என்னோடதை எடுத்துக்கோ," என்றார் அட்டீலியோ.

"உன் எச்சில் எனக்கு எதுக்கு?"

கைத்துண்டை விசிறியெறிந்து, கோட்டை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். கதவு மணி வெகுநேரம் ஆடியது.

"சித்தப்பாவாம் சித்தப்பா!" இல்தா கொதித்தாள். "நாளைக்குக் கத்திக்குப் போற மனுஷன்கிட்ட நாலு ரவியோலிக்குச் சண்டை!"

அட்டீலியோ கண்ணைத் துடைத்தபடி மெதுவாக எழுந்து பாத்ரூமுக்குப் போனார்.

நெலிதாவுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. கண்ணாடி வழியே பார்த்தாள். எதிர் நடைபாதையில் ரெமோ சிகரெட் பற்றவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். கை நடுங்கி நடுங்கித் தீக்குச்சி அணைந்துகொண்டே இருந்தது.

"பாரேன், எவ்வளவு ஆத்திரம்!" என்றாள் இல்தா.

'யாராவது ஒருத்தர் எழுந்துதானே ஆகணும். அந்த ஆளா இருந்ததே நல்லதாப் போச்சு.' நெலிதா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்னதற்கு அவள் வெட்கப்படக்கூட இல்லை.

பஸ்குவால் புட்டிங் கொண்டுவந்து வரிசையாக வைத்தான்.

"ரெமோவோடது ஒண்ணு மிஞ்சுமே பஸ்குவால், அதைப் பேரனுக்குக் கட்டிக் குடுப்பா."

"மிஞ்சாதும்மா. நீங்க எண்ணிக்கிட்டிருந்தீங்களே, அப்பவே ரெமோ ஐயா என்னைக் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. 'அண்ணன் எந்திரிக்கறதுக்குள்ள நான் எந்திரிச்சுடுவேன், புட்டிங் பன்னெண்டே போதும்'னு."