பேக்கரி வாசல் சாக்கு

பேக்கரி வாசலில் ஒரு கோணிச் சாக்கு கிடந்தது. அடுப்புச் சூடு சுவர் வழியாக இறங்குகிற இடம் அது. தெருநாய் செவலை வருஷக்கணக்காக அதில்தான் படுத்து வந்தாள். அவள் மகன் சுள்ளானை மோப்பம் பிடிக்கிற வேலைக்குப் பட்டாளத்துக்காரர்கள் கூட்டிப் போயிருந்தார்கள். பனிமலையில் வேலை என்று தெரிந்த அன்றே அவள் சாக்கை விட்டு எழுந்து, கொட்டுகிற மழையில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

"ஏன்க்கா இப்படி நனையிற?" என்று கேட்டான் பக்கத்துத் தெரு நாய் டைகர்.

"என் புள்ள பனியில நிக்கிறான். இந்த மழை எம்மாத்திரம்?"

"அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டு டைகர் சாக்கில் ஏறிப் படுத்தான்.

காலில் முள் ஏறியபோதும், யாரோ சுடுதண்ணீரை மேலே விசிறியபோதும் செவலை அதையேதான் சொன்னாள். தெருவே அவளை மெச்சியது. எல்லோரையும்விட டைகர்தான் அதிகம் மெச்சினான், சாக்கில் படுத்தபடியே.

மூன்றாவது ஐப்பசியில் சுள்ளான் திரும்பி வந்தான், ஒரு பின்னங்காலை அங்கேயே விட்டுவிட்டு. அடைமழையில் தொப்பலாக நனைந்து, பல் கிட்ட நடுங்கிக்கொண்டு பேக்கரி வாசலில் நின்றான்.

செவலை டைகரிடம் ஓடினாள். "தம்பி, கொஞ்சம் எந்திரிப்பா. புள்ள நடுங்குறான், அந்தச் சாக்கைக் குடு."

டைகர் ஒரு கண்ணை மட்டும் திறந்து சுள்ளானைப் பார்த்தான். பிறகு, அதே மெச்சுகிற குரலில் சொன்னான்:

"பனியிலயே நின்னவன்க்கா அவன். இந்த மழை எம்மாத்திரம்?"